கரும்புக் கொல்லைக் கிணறும் ஒரு வாயுக் கணக்கும்

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

குருவிநத்தத்தில் எங்கள் கரும்புக் கொல்லைக் கிணற்றைச் சுற்றி ஏழெட்டுப் பேர் குனிந்து நின்றோம். கயிற்றில் கட்டி இறக்கிய அரிக்கேன் விளக்கு கிணற்றின் பாதி ஆழத்தில் தொங்கியது. அந்த ஆழத்தில் பக்கச் சுவரைக் குடைந்து ஓர் அறை செய்து, தண்ணீர் இறைக்கும் மண்ணெண்ணெய் இஞ்சினை அதற்குள் வைத்திருந்தார்கள். அறையின் வாசலில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. இஞ்சின் ஓட்டும் கோவிந்தனின் பாதங்கள். அவை அசையவில்லை. சுடரும் அசையவில்லை.

“வெளக்கு நல்லா எரியுது. காத்துல ஒண்ணும் இல்ல” என்றார் என் மூத்தார், அதாவது என் கணவரின் அண்ணன். சொல்லிக்கொண்டே வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டினார். “மயக்கம் போட்டு வுழுந்திருக்கான். நான் எறங்கி தூக்கியாறேன்.”

சுற்றி நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். பாழுங்கிணற்றில் இறங்கும் முன் விளக்கை இறக்கிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். விளக்கு அணைந்தால் கெட்ட காற்று. அணையாவிட்டால் இறங்கலாம்.

எனக்கு விளக்கைப் பார்த்த பிறகுதான் பயம் வந்தது. அதற்குக் காரணம் சொல்ல வேண்டுமானால் ஒரு மாதம் பின்னால் போக வேண்டும்.

பனைமரப் பாலம்

வில்லியனூரில் தானியமும் எண்ணெயும் விற்ற என் அப்பாவின் கடையைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, “அந்தக் காலத்தில் ஒரு பெண் எப்படிப் பிரெஞ்சு படித்தீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். பெரிய சங்கதி ஒன்றும் இல்லை, அம்மா. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளியிலேயே அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆரம்பப் படிப்பு முடித்துச் சான்றிதழும் வாங்கினேன். மேலே படிக்க வேண்டும் என்று நானும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. பதினேழு வயதில் குருவிநத்தத்துக்கு வாழ்க்கைப்பட்டேன்.

என் கணவர் அப்போது டவுனில் படித்துக்கொண்டிருந்தார். பக்கலோரியா என்ற பெரிய பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர், மழை நாளில் வாய்க்காலின் மேல் போட்டிருந்த ஒற்றைப் பனைமரப் பாலத்தில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. பாகூரிலிருந்து எலும்பு கட்டுகிறவர் வந்து, உளுந்து மாவும் முட்டை வெண்கருவும் குழைத்துப் பூசி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். நாற்பது நாள் கையை அசைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் கணவருக்கு வலியைவிடக் கவலைதான் பெரிதாக இருந்தது. மற்றப் பாடங்களைப் படித்துக்கொள்ளலாம். ரசாயனக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் எப்படித் தேறுவது? அதுதான் அவருக்கு எட்டிக்காய்.

இரண்டு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மூன்றாம் நாள், “கமலம், உனக்குத்தான் பிரெஞ்சு எழுத வருமே. நான் சொல்றேன், நீ எழுதறியா?” என்றார்.

“எழுதறேன். ஆனா எனக்கு ஒண்ணும் புரியாதுங்க.”

“புரிய வேணாம். எழுதினா போதும்.”

என் மாமியார் அடுப்படியிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதிகம் பேசாதவர். அன்று மட்டும், “மத்தியானத்துல நீ சமையல் பக்கம் வர வேணாம். அவன் கை ஆறற வரைக்கும் அவனுக்கு நீதான் கை” என்றார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் வரம் அது. அந்த நாற்பது நாளும் பாத்திரம் தேய்ப்பதிலிருந்து அரிசி புடைப்பதுவரை அவரே பார்த்துக்கொண்டார். அவருக்கு நான் எந்த நன்றியும் சொன்னதில்லை. சொன்னால் கோபித்துக்கொண்டிருப்பார்.

ஒரு படி உமி, ஒரு படி எள்

நெல் குதிர் வைத்திருந்த அறையில் சாப்பாட்டுக்குப் பிறகு உட்காருவோம். அவர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சொல்வார். நான் சாய்ப்பலகையில் நோட்டை வைத்து எழுதுவேன்.

முதல் வாரம் கிளி மாதிரிதான் எழுதினேன். அணு எடைகளின் பட்டியல் ஒன்று இருந்தது. கரி பன்னிரண்டு. பிராணவாயு பதினாறு. அஸோத் பதினான்கு. அஸோத் என்பது நைட்ரஜனுக்குப் பிரெஞ்சுப் பெயர். நாம் இழுக்கும் மூச்சில் ஐந்தில் நாலு பங்கு அதுதான். இந்த எண்களெல்லாம் எனக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பெயரைப்போலப் பழகிவிட்டன. ஏன் என்று தெரியாமலே பழகின.

பிறகு இருபத்திரண்டு புள்ளி நாலு வந்தது. எந்த வாயுவாக இருந்தாலும், அதன் அணு எடைகளைக் கூட்டி அந்த எண்ணிக்கைக் கிராம் எடுத்தால், அது இருபத்திரண்டு புள்ளி நாலு லிட்டர் இடத்தை அடைக்கும் என்று புத்தகம் சொல்லியது. என் கணவர் அதில் மாட்டிக்கொண்டார்.

“அது எப்படி எல்லாத்துக்கும் ஒரே அளவு வரும்? ஒண்ணு கனம், ஒண்ணு லேசு. கனமானது எடத்தை அதிகமா அடைக்காதா?”

நான் பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். எங்கள் கடையில் படி இருந்தது. அதே படியில் அப்பா எள்ளும் அளப்பார், கம்பும் அளப்பார். மாட்டுக்காரர்கள் கேட்டால் உமியும் அளப்பார். நிறை மாறும், படி மாறாது.

“படி ஒண்ணுதாங்க. உள்ள போடறதுதான் வேற. ஒரு படி எள்ளைத் தூக்கினா கை வலிக்கும். ஒரு படி உமின்னா ஒண்ணுமே இல்ல. இந்த இருபத்திரண்டேசொச்சம்தான் வாயுவுக்குப் படின்னு வச்சிக்குங்களேன்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் பார்த்தார். “எழுது” என்று சொல்லிவிட்டு அடுத்தடுத்து நாலு கணக்கைச் சொன்னார். நாலும் விடைப்பக்கத்தோடு பொருந்தின. ஐந்தாவது பொருந்தவில்லை.

பொருந்தாததற்குக் காரணம் சூடு. புத்தகக் கணக்கெல்லாம் பூஜ்யம் டிகிரியில் நடக்கும். தண்ணீர் உறையும் குளிர் அது. குருவிநத்தத்தில் மார்கழிக்கே துப்பட்டியை உதறிவிட்டுப் படுக்கிறவர்கள் நாங்கள். பூஜ்யத்துக்கு யார் போவது? சூடு ஏறினால் வாயு உப்பும். எவ்வளவு உப்பும் என்று பார்க்க, டிகிரியோடு இருநூற்று எழுபத்து மூன்றைக் கூட்டிக்கொண்டுதான் பெருக்கி வகுக்க வேண்டும். என் கணவர் பத்துக் கணக்கில் ஆறில் அதைக் கூட்ட மறப்பார். நான் எழுதும்போதே நிறுத்துவேன்.

“இருநூத்தி எழுபத்தி மூணு எங்க?”

“அய்யோ, அது ஒண்ணு” என்பார்.

அவர் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னாளில் பல தடவை நினைத்திருக்கிறேன். அந்தக் காலத்து ஆண்பிள்ளை. மணமாகி ஒரு வருஷம் ஆகாத மனைவி தன் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்கிறாள். அவர் முகம் ஒரு நாளும் சுருங்கவில்லை. மூன்றாம் வாரத்தில், “நீ போட்டுப் பாரு, நான் சரியான்னு பாக்கறேன்” என்று இடத்தையே மாற்றிக்கொண்டார். அதிலிருந்து நான் போட்டேன், அவர் சரிபார்த்தார்.

படத்தில் இருந்த மனிதன்

பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்களில் ஒரு குறுக்கு வழி சொல்லிக்கொடுப்பார்கள். காற்றின் எடை எண் இருபத்தொன்பது. ஒரு வாயு காற்றைவிட எத்தனை மடங்கு கனம் என்று தெரிந்தால், அதை இருபத்தொன்பதால் பெருக்கு. அந்த வாயுவின் எடை எண் வந்துவிடும்.

ஒரு நாள் வந்த கணக்கு இது. காற்றைவிட ஒரே ஒரு நூல் லேசான வாயு ஒன்று. அது எது? பெருக்கினால் இருபத்தெட்டு வந்தது.

“அஸோத்” என்றார் என் கணவர், யோசிக்காமலே. “அதுல அணு ரெண்டு ரெண்டா சேந்திருக்கும். பதினாலும் பதினாலும் இருபத்தெட்டு.”

நான் எழுதப் போனேன். கை நின்றது. “பன்னெண்டும் பதினாறும்கூட இருபத்தெட்டுதானேங்க. கரி ஒண்ணு, பிராணவாயு ஒண்ணு.”

அவர் பக்கத்தைப் புரட்டினார். அப்படி ஒரு வாயு இருந்தது. கரி நன்றாக எரிந்தால் கரியமில வாயு வரும். அதன் எண் நாற்பத்து நாலு. காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும், விளக்கை அணைக்கும். நம் ஆட்கள் கிணற்றில் விளக்கு இறக்கிப் பார்ப்பதெல்லாம் அதற்குத்தான். ஆனால் காற்றுப் போதாமல் கரி அரைகுறையாக எரிந்தால் இந்த இன்னொன்று வரும். நிறமில்லை, மணமில்லை, கடும் விஷம் என்று போட்டிருந்தது. ஒன்றை நாம் நாள் முழுக்க மூச்சில் இழுக்கிறோம். இன்னொன்று ஆளைக் கொல்கிறது. நிறையில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். எனக்கு அது வேடிக்கையாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

பக்கத்திலேயே ஒரு படம். குளிர் தேசத்து வீடு. கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது. மூலையில் கரியடுப்பு. ஒரு மனிதன் மேசையில் தலை சாய்த்துச் செத்துக் கிடக்கிறான். மேசைமேல் விளக்கு எரிகிறது.

“வெளக்கு எரியுதே. ஆளு எப்படிச் செத்தான்?” என்று கேட்டேன்.

“படம் போட்டவன் தப்பாப் போட்டிருப்பான்” என்றார் என் கணவர்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தப் படத்துக்குக் கீழே ஒரு கணக்கு இருந்தது. அறையின் நீள அகல உயரம் கொடுத்து, நூற்றிருபது கிராம் கரி அரைகுறையாக எரிந்தால் அறையில் எத்தனை பங்கு அந்த வாயு சேரும் என்று கேட்டிருந்தார்கள். இரண்டு நாள் அதையே சுற்றி வந்தேன். பன்னிரண்டு கிராம் கரிக்கு ஒரு ‘படி’ வாயு. அப்படியானால் நூற்றிருபதுக்குப் பத்து ‘படி’. இருநூற்று இருபத்து நாலு லிட்டர். அறையோ நாற்பதாயிரம் லிட்டர் கொண்டது. வகுத்துப் பார்த்தால் ஆயிரத்தில் ஐந்தாறு பங்குதான் வந்தது.

அப்போதுதான் புரிந்தது. அறையில் மற்றக் காற்றெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. விளக்குக்கு வேண்டிய பிராணவாயுவுக்குக் குறைவில்லை, அதனால் எரிகிறது. ஆயிரத்தில் ஐந்து விளக்குக்குத் தெரியாது. மனிதனுக்குத் தெரியும். படம் போட்டவன் சரியாகத்தான் போட்டிருந்தான்.

இதை என் கணவரிடம் சொன்னபோது அவர் அந்தப் பக்கத்தை மறுபடி ஒரு முறை படித்தார். பிறகு, “இது பரீட்சையில வந்தா நான் உன் பேரைத்தான் எழுதணும்” என்றார். இருவரும் சிரித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போனோம்.

கிணற்றடியில்

இது நடந்து நாலைந்து நாள்தான் ஆகியிருக்கும். மத்தியானம் எழுதிக்கொண்டிருந்தபோது கொல்லைப் பக்கமிருந்து இஞ்சின் சத்தம் நின்றது. நாங்கள் கவனிக்கவில்லை. சற்று நேரத்தில் மடை பார்க்கும் ஆள் ஓடிவந்து, கோவிந்தன் இஞ்சினை நிறுத்த இறங்கியவன் குரல் கொடுக்கவில்லை என்றான். என் கணவர் கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன். விரலில் மை காயவில்லை.

கிணற்றின் வாய் பாதிக்குமேல் பனம்பலகையால் மூடியிருந்தது. பலகை வழியாக மேலே வந்த புகைக்குழாயைப் பார்த்தேன். அது ஒருபக்கம் சாய்ந்திருந்தது. கீழே எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது. அப்படியானால் காலையிலிருந்து இஞ்சின் அந்தக் குடைவறைக்குள்ளேதான் புகை விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. மூடிய இடம். போதாத காற்று. அரைகுறை எரிப்பு.

மூத்தார் வேட்டியை வரிந்துகொண்டிருந்தார்.

நான் என் கணவரின் தோளைத் தொட்டு, “அந்தப் படம்” என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. “அண்ணா, எறங்காத” என்று கத்தினார்.

“இன்னாடா? வெளக்கு எரியுது பாரு.”

“எரியும்ணா. இது வேற காத்து.”

“கீழ உசுரு போய்க்கினு இருக்குது, நீ பாடம் நடத்தறியா?”

அப்போது என் கணவர் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். என் பக்கம் திரும்பி, “கணக்குப் போட்டவ இவ. அண்ணா, இவ சொல்றதைக் கேளு” என்றார்.

மூத்தாரோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அதுவரை நான் அவர் முன்னால் நின்றதுகூட இல்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே புகுந்தது. என் கணக்குத் தப்பாக இருந்தால்? கோவிந்தன் வெறும் மயக்கத்தில் கிடந்து, நான் பேசுகிற நேரத்தில் அவன் உயிர் போனால்? அந்தப் பழி யாருக்கு?

“வெளக்கு எரியுதுன்னா பிராணவாயு இருக்குதுன்னு மட்டுந்தான் அர்த்தம்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னேன். “விஷம் இல்லன்னு அர்த்தம் இல்ல. இஞ்சின் புகையில ஒரு விஷக் காத்து வருது. அது ஆயிரத்துல அஞ்சு பங்கு இருந்தாலே ஆள் வுழுந்துடுவான். வெளக்கு அணையாது.”

மூத்தார் என்னைப் பார்க்கவில்லை. கிணற்றைப் பார்த்தார். “அடியில தேங்கி நிக்குமா? மேலாக்க வருமா?” என்று கேட்டார். கேள்வி தம்பியிடம் கேட்டதுபோல இருந்தது. பதில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“ரெண்டும் இல்ல. நம்ம காத்தும் அதும் ஒரே நிறை. தானா எங்கயும் போவாது. நாமதான் கலக்கி வுடணும்.”

மூத்தாருக்கு அதற்குமேல் சொல்லத் தேவைப்படவில்லை. பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் செய்ய வேண்டியதை அவர் செய்த வேகம் எந்தப் படிப்பிலும் வராது. பனம்பலகைகளைப் பெயர்த்து எறியச் சொன்னார். புங்கமரத்திலிருந்து இரண்டு பெரிய கிளைகளை வெட்டிக் கயிற்றில் கட்டி, குடைவறை வாசலில் மேலும் கீழுமாக ஆட்டச் சொன்னார். இன்னொரு ஆள் வாளி வாளியாகத் தண்ணீரை எடுத்துச் சுவரோரமாக வீசி ஊற்றினான். கிணற்றுக்குள் காற்று புரளும் சத்தம் கேட்டது.

தன் மார்பைச் சுற்றி வடக்கயிற்றைக் கட்டிக்கொண்டு, “நான் மூச்சு வுடக்கூடாதுதானே?” என்றார். இந்த முறை என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

“வுடக்கூடாது. ஆத்துல முங்கற மாதிரி போயிட்டு வந்துடுங்க.”

தென்பெண்ணை வெள்ளத்தில் முங்கி மரம் பிடித்தவர் அவர். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து அடைத்துக்கொண்டு கிணற்றுச் சுவரின் படிகளில் இறங்கினார். நான் ஒன்று இரண்டு என்று உரக்க எண்ணினேன். நாற்பதில் மேலே வந்தார். கோவிந்தனைக் குடைவறையிலிருந்து வெளியே, படிக்கட்டுத் திட்டில் இழுத்துப் போட்டிருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இறங்கினார். இரண்டாம் கயிற்றைக் கோவிந்தனின் அக்குளுக்குக் கீழே கட்டுவதற்குள் நான் அறுபதைத் தாண்டிவிட்டேன். “இழு” என்று அவர் கத்தியது கேட்டது. கத்தினால் மூச்சு விட்டுவிட்டார் என்று அர்த்தம்.

கோவிந்தன் மேலே வந்தான். மூத்தார் நாலு படி ஏறினார். ஐந்தாவது படியில் அவர் முழங்கால் மடங்கியது.

என் கணவர் ஒற்றைக் கையால் கயிற்றைப் பிடித்து இழுத்தார். ஆட்கள் இழுத்தார்கள். நானும் இழுத்தேன். கரும்புச் சோகை பரப்பிய தரையில் அண்ணனைக் கிடத்தியபோது அவர் வாந்தி எடுத்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எனக்கு உயிர் வந்தது. கயிறு கட்டாமல், விளக்கை நம்பி, சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டு இறங்கியிருந்தால் அவரும் அங்கேயே விழுந்திருப்பார். அவரைத் தூக்க இறங்குகிறவனும் விழுந்திருப்பான்.

கோவிந்தனின் உதடும் நகங்களும் செக்கச்செவேல் என்று இருந்தன. “நல்லா ரத்தம் ஓடுதே, இவனுக்கு இன்னா கேடு?” என்றான் மடை பார்க்கிறவன். மூச்சு மட்டும் எப்போதாவது வந்தது. வெட்டவெளியில் போட்டு, மார்பை அழுத்தி அழுத்தி விட்டார்கள். வண்டி கட்டி நானும் என் கணவருமாகப் பாகூர் மருத்துவசாலைக்குக் கொண்டுபோனபோது வழியில் கண் திறந்தான். அங்கிருந்த வைத்தியர் நகத்தைப் பார்த்தார், நடந்ததைக் கேட்டார். “இந்தச் சிவப்பே அந்த விஷத்தின் அடையாளம். விளக்கை நம்பி இறங்கியிருந்தால் மூன்று பிணம் எடுத்திருப்பீர்கள்” என்று சொன்னார். என் கணக்குச் சரிதான் என்று எனக்கு அப்போதுதான் உறுதியானது. வண்டியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வாயில் நுழையாத பெயர்

மூத்தாருக்கு இரண்டு நாள் தலைவலி. கோவிந்தன் எழுந்து நடக்க மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் இஞ்சினைக் குடைவறையிலிருந்து எடுத்து, கிணற்றுக்குள் திறந்த மேடை ஒன்று கட்டி அதில் வைத்துவிட்டார்கள். புகைக்குழாய்க்குப் புது இணைப்பு வந்தது. மூத்தார் அதைத் தினமும் தட்டிப் பார்ப்பார்.

அந்த வருஷப் பரீட்சையில் என் கணவர் தேறவில்லை. கட்டு அவிழ்த்தும் கை பழைய வேகத்துக்கு வரவில்லை. பல தாள்களை முடிக்க முடியாமல் எழுந்து வந்தார். அடுத்த முறை எழுதித் தேறினார். ரசாயனத்தில் மட்டும் இரண்டு தடவையும் நல்ல மதிப்பெண். நான் எந்தப் பரீட்சையும் எழுதவில்லை. அதற்காக வருத்தப்பட்ட நாட்கள் உண்டு. கிணற்றடியில் நின்ற அந்த நாளை நினைத்தால் அந்த வருத்தம் அடங்கிவிடும்.

உடம்பு தேறியதும் கோவிந்தன் வீட்டுக்கு வந்தான். முற்றத்தில் உட்கார்ந்து கேட்டான்.

“எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க, சின்னம்மா. புகை நாத்தம் தினமும் வருது. அதுல எது என்னைத் தள்ளிச்சு?”

“நாத்தம் வர்றது தள்ளலப்பா. அதோட சேர்ந்து நாத்தமே இல்லாத ஒண்ணு வருது. அதுதான்.”

“அதுக்கு இன்னா பேரு?”

ஒக்ஸீத் தெ கர்போன் என்றேன். அவன் இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். வாயில் நுழையவில்லை. தமிழில் என்னவென்று எனக்கும் தெரியவில்லை. நோட்டைக் கொண்டுவந்து காட்டினேன். கரி பன்னிரண்டு, பிராணவாயு பதினாறு, கூட்டினால் இருபத்தெட்டு, நம் காற்று இருபத்தொன்பது, அதனால்தான் இது நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று சொன்னேன். அவனுக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். விரலை வைத்து அந்தக் கூட்டலைப் பார்த்தான்.

“இருபத்தெட்டு” என்றான். “இது போதும் எனக்கு.”

அதற்குப் பிறகு எங்கே இஞ்சின் கிணறு உண்டென்றாலும் கோவிந்தன் போவான் என்று மூத்தார் சொல்லுவார். குழாயைப் பார், பலகையை மூடாதே, விளக்கை நம்பாதே என்று சொல்லிவிட்டு வருவானாம். சிலர் கேட்டார்கள், சிலர் சிரித்தார்கள். நாளடைவில் நாங்கள் டவுனுக்குக் குடிபோனோம். கோவிந்தன் தன் மகள் ஊருக்குப் போய்விட்டான்.

பல வருஷம் கழித்து, யுத்தமெல்லாம் முடிந்த பிறகு, ஏம்பலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தி முடிந்து, வெயில் தாழ நானும் என் கணவரும் வயல் பக்கம் நடந்தோம். கரும்புக்கு நடுவே ஒரு கிணற்றிலிருந்து இஞ்சின் சத்தம் வந்தது. பழக்கதோஷம், எட்டிப் பார்க்கலாம் என்று போனேன். முப்பது வயது இருக்கும் ஓர் ஆள், கையில் எண்ணெய்த் துணியோடு, வரப்பில் நின்று கையை ஆட்டினான்.

“கிணத்தாண்ட போவாதீங்கம்மா. கீழ இருபத்தெட்டு நிக்கும்.”

நான் அப்படியே நின்றுவிட்டேன். “அப்படின்னா இன்னாப்பா?”

“அது ஒரு காத்தும்மா. நாத்தம் இருக்காது. வெளக்கு எரியும், ஆளு வுழுந்துடுவான். எங்க இஞ்சின்காரங்க எல்லாம் அப்படித்தான் சொல்லுவோம்.”

“ஏன் இருபத்தெட்டு?”

“அது தெரியாதும்மா. எனக்குச் சொன்னவரும் அப்படித்தான் சொன்னாரு. யாரோ கணக்குப் போட்டு வச்ச பேராம்.”

என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். வலது கை, அதே மணிக்கட்டு.

“சரிப்பா, நல்லது” என்றேன். அவன் காட்டிய பக்கமாக வரப்பில் விலகி நடந்தோம். நாங்கள் தள்ளிப் போகும்வரை அவன் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.